வீடியோவுக்கு முன்னால் எழுத்தைப் படியுங்கள்

ஐ.ஐ.டி.கள் இணையத்தில் இலவசமாகத் தரும் என்.பி.டி.இ.எல். பாட வீடியோவைப் போடுவதற்கு முன்னால், அதன் எழுத்து வடிவத்தை பி.டி.எஃப். ஆக இறக்கிப் படித்துவிடுங்கள். புரியாத இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, வீடியோவில் அந்தப் பகுதிகளை மட்டும் பாருங்கள். அந்த நிமிடக் கணக்கை நோட்டில் எழுதி, மறுநாள் வகுப்பில் ஆசிரியரிடம் அதையே கேளுங்கள்.

பேச்சைக் கேட்பதைவிட நம் கண் வேகமாகப் படிக்கும். அரைமணி நேரப் பேச்சைப் பலரும் கால்மணி, இருபது நிமிடத்தில் படித்து முடித்துவிடலாம். டேட்டாவும் வீடியோவுக்கு ஆகிறதில் சிறு பங்குதான். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் பி.டி.எஃப். நிற்காது. தடிச்சுவர் வைத்த பழைய செட்டிநாட்டு வீட்டுக்குள் சிக்னல் திணறும்போதும் அப்படித்தான். திண்ணைக்கு வந்து ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். இதைவிட முக்கியமான பலன் ஒன்று உண்டு: "சார், ஒன்றுமே புரியலை" என்பதற்குப் பதில் "12-ஆம் நிமிடத்தில் இந்த வரி புரியலை" என்று கேட்டால், ஆசிரியர் நேரே அந்த இடத்துக்கு வந்துவிடுவார்.

கணக்கு நிறுவல், வரைபடம், புரோகிராம் எழுதிக் காட்டும் பாடங்களுக்கு இது ஒத்துவராது. அங்கே பலகையைப் பார்த்தே ஆக வேண்டும். வீடியோவை முழுக்கப் பார்த்தால்தான் வருகைப் பதிவு என்று கல்லூரி வைத்திருந்தாலும் இந்த வழி உதவாது.