கஷ்டமான வேதபகுதிகளை வாசிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வருஷத்துக்குள் பைபிளை முழுசாக வாசித்துவிட வேண்டும் என்று ஜனவரியில் ஆரம்பிக்கிற எல்லாரும் ஏதோ ஓரிடத்தில் திகைத்து நிற்போம். பலருக்கு அது 1 சாமுவேல் 15. அமலேக்கியர் என்கிற எதிரி ஜனத்தில் குழந்தைகளைக்கூட விடாமல் கொல்லச் சொல்லி சவுல் ராஜாவுக்குக் கட்டளை, அதுவும் கர்த்தருடைய பேரில். உடனே பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கிற வாக்குத்தத்த அட்டையில் இருக்கும் வசனங்களே போதும் என்று இருந்துவிட்டால், வீட்டில் ஒரு சாவு விழும்போது ஆண்டவரிடம் கத்தி அழக்கூட நமக்கு வார்த்தை இருக்காது.

சங்கீதம் 137-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுதோம் என்கிற ஆரம்பம் எல்லாருக்கும் பிடிக்கும். கடைசி வசனமோ, பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லின்மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்கிறது. குழந்தை என்றால் மனதில் முளைக்கிற பாவ நினைவு என்று ஒரு விளக்கம் உண்டு, மூன்றாம் நூற்றாண்டு வேத அறிஞர் ஒரிகன் காலத்திலிருந்தே இருக்கிறது, ஆனால் அவசரப்பட்டு அதற்குள் ஓடி ஒளிந்துகொள்ளாதீர்கள். கி.மு. 586 வாக்கில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை எரித்தது, சிதேக்கியா ராஜாவின் பிள்ளைகளை அவன் கண்முன்னே வெட்டிவிட்டு அப்புறம் அவன் கண்களைக் குருடாக்கினார்கள். அதையெல்லாம் பார்த்த ஜனங்களின் ஜெபம் இது. நம்மை அப்படிச் செய்யச் சொல்கிற கட்டளை கிடையாது. பழிவாங்கத் துடிக்கிற மனதை மறைக்காமல் அவர்கள் கர்த்தரிடமே கொட்டினார்கள், அந்த ஆத்திரத்தைக் கேட்டு நமக்கு வயிறு கலங்கினால் கலங்கட்டும்.

எழுதியிருப்பதையெல்லாம் தேவன் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வதும் தவறு. யெப்தா என்கிற தலைவன் தன் பொருத்தனைக்காக மகளையே பலியிட்டதை நியாயாதிபதிகள் புஸ்தகம் எங்கேயும் மெச்சவில்லை. அதே மாதிரி, பழைய ஏற்பாட்டுத் தேவன் வேறு, இயேசு வேறு என்று பிரிப்பதும் வேண்டாம். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர் அப்படித்தான் பிரித்தார், ரோமச் சபை அவரை ஏற்கவில்லை. சிலுவையில் இயேசு கதறியதே பழைய ஏற்பாட்டின் 22-ஆம் சங்கீதம் அல்லவா?

எனக்கு ரொம்ப வலிக்கிற தவறு வேறொன்று. வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்காக ஜெபிப்பது நம் சபைகளுக்குப் பழகிய ஊழியம். ஒருமுறை குழந்தைகள் வார்டுக்கு வெளியே, மருந்துச் சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனிடம், ஜெபிக்க வந்தவர் தாவீது ராஜா செய்த பாவத்தால் அவர் குழந்தை செத்த கதையைச் சொல்லி, "தம்பி, உங்க வாழ்க்கைய கொஞ்சம் ஆராய்ஞ்சு பாருங்க" என்றார். அந்தத் தகப்பன் வாயே திறக்கவில்லை, அந்தச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் சொன்னதை எடுத்து இன்னொரு தகப்பன் தலையில் போட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம், நீ பாவம் செய்திருப்பாய் என்று சொன்ன நண்பர்களும் தேவனுக்கு வக்கீலாகத்தான் பேசினார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அவர்கள்மேல்தான்.

வாலிபர் கூட்டத்தில் ஒரு பிள்ளை எழுந்து அமலேக்கியரைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் கேட்கக் கூடாதும்மா" என்று உட்கார வைக்காதீர்கள், அந்தப் பிள்ளை கேள்வியை வெளியே எங்கேயாவது கொண்டுபோய்விடும். 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்துக்கு என்னைத் திருப்திப்படுத்திய விளக்கம் எதுவும் இல்லை, இருந்தும் வாசிக்கிறேன், சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கேட்டதையே நானும் கேட்கிறேன். அப்படிக் கேட்டதற்காகக் கர்த்தர் ஆபிரகாமைக் கடிந்துகொள்ளவில்லை. சோதோம் பட்டணத்தை அழிக்காமல் விட 50 நீதிமான்கள் போதுமா என்று ஆரம்பித்து 10 பேர் வரைக்கும், அவன் கேட்கக் கேட்க நின்று பதில் சொன்னார்.