மான் வேட்டைக்கு மலிவான வாய்வழித் துப்பாக்கி

அமெரிக்காவில் இருக்கும் சிங்கப்பூர் நண்பர்களே, வாய்வழித் துப்பாக்கி (வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியே திணித்துச் சுடுவது) வாங்குமுன் அந்த மாநிலத்தின் வேட்டை விதியைப் படியுங்கள். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்திய வாய்வழித் துப்பாக்கிப் பருவத்தில் சக்கிமுக்கிக்கல் பொறியால் பற்றவைக்கும் வகைதான் செல்லும்.

விதி தடுக்காவிட்டால் குழல் விட்டம் .50 அங்குலம், 209 பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), நடுவில் மடங்கும் வகை போதும். சி.வி.ஏ. நிறுவனத்தின் வுல்ஃப் நல்ல தொடக்கம்.

குழல் முறுக்கை, அதாவது குழலுக்குள் சுற்றி ஓடும் வரிப்பள்ளங்களைக் கவனியுங்கள். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் பிளாஸ்டிக் உறையிட்ட குண்டுக்கு ஏற்றது. உருண்டைக் குண்டுக்கு 48 அல்லது 66 வேண்டும். மாற்றிப் போட்டால் குறி சிதறும்.

பழைய 209 வகைத் துப்பாக்கியா? குழலின் பின் அடைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். கழலாவிட்டால் வாங்கவே வேண்டாம். குழலுக்குள் விளக்கடித்துத் துருக்குழிகளைத் தேடுங்கள். கருமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும், சுட்ட அன்றே கழுவாத குழல் அரித்துவிடும்.

கருமருந்துக்கான இந்தத் துப்பாக்கியில் புகையில்லா மருந்தை (இக்காலத் தோட்டாக்களில் உள்ளது) போடவே கூடாது, குழல் வெடிக்கலாம். சரியான அளவு மருந்தும் குண்டும் இறங்கியதும் திணிகோலில் குழல் வாய் மட்டத்தில் கோடு போடுங்கள். அடுத்த முறை கோடு வெளியே நின்றால் குண்டு முழுதாக இறங்கவில்லை, சுடாதீர்கள்.

ஊர் திரும்பும்போது அங்கேயே விற்றுவிடுங்கள். சிங்கப்பூரில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம்.