பேனலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவையும் சேனலையும் கண்டுபிடிப்பது எப்படி

பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கோட்டிங் பெயிண்டும் அடித்து முடித்த பிறகுதான் "இந்தச் சுவரில் ஒரு டிவி மாட்டணும்" என்று யாராவது வந்து நிற்பார்கள். சுவர் முழுக்க ஒரே வெள்ளை. உள்ளே சேனல் (போர்டைத் தாங்கும் தகடுச் சட்டம்) எங்கே போகிறது, ஸ்க்ரூ எங்கே இருக்கிறது, ஏசி பைப் எந்தப் பக்கம் ஏறுகிறது, எதுவும் தெரியாது. ஜிப்சம் போர்டு அடித்தவர்கள் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள், டிராயிங் இருந்தாலும் அதில் இருப்பதும் சுவரில் இருப்பதும் பல நேரம் ஒன்றாக இருக்காது. இந்த நிலையில் ட்ரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே சொல்வதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். ஒரு மீட்டிங் ரூமில் ஜிப்சம் சுவரில் டிவி பிராக்கெட் மாட்டும் வேலை. சுவருக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் டிடெக்டரை ஓட்டினேன், ஓரிடத்தில் நன்றாகச் சத்தம் போட்டது, சேனல்தான் என்று முடிவு செய்து பிட்டை இறக்கினேன். உஸ்ஸென்று காற்று சீறியது. ஏசியின் செம்புக் குழாய். கேஸ் முழுக்க வெளியேறி, போர்டை வெட்டி, குழாயை ஒட்டி, மறுபடி பட்டி பெயிண்ட் என்று மூன்று நாள் போனது. டிடெக்டர் பொய் சொல்லவில்லை, அங்கே உலோகம் இருந்தது உண்மை. என்ன உலோகம் என்று நான்தான் கேட்கவில்லை. ஒரு சின்னக் காந்தத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அது ஒட்டாமல் விழுந்திருக்கும், நானும் நின்றிருப்பேன். செம்பு காந்தத்தில் ஒட்டாது.

ஆகவே ஒரு சத்தத்தை நம்பி ஓட்டை போடாதீர்கள். வேறு வேறு விதமாக வேலை செய்யும் இரண்டு முறைகள் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும், அந்த இடம் சேனல் சட்டத்தின் அமைப்புக்கும் பொருந்த வேண்டும்.

அமைப்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

ஜிப்சம் பார்டிஷனில் நிமிர்ந்து நிற்கும் சேனல்கள் கண்டபடி நிற்பதில்லை. போர்டின் அகலம் பொதுவாக 1200 மி.மீ., அதனால் சேனல்கள் மையத்துக்கு மையம் 600 அல்லது 400 மி.மீ. தூரத்தில் வரும், அப்போதுதான் இரண்டு போர்டும் சேரும் இடம் ஒரு சேனலின் மேல் வந்து உட்காரும். அங்குலக் கணக்கில் வேலை செய்யும் இடங்களில் இதுவே 24 அல்லது 16 அங்குலம். ஒவ்வொரு சேனலின் மேலும் ஸ்க்ரூக்கள் ஏறத்தாழ 200 முதல் 300 மி.மீ.க்கு ஒன்று என்று நேர்கோட்டில் இறங்கும். சேனலின் முகம் 35 முதல் 50 மி.மீ. அகலம்தான் இருக்கும். போர்டு ஒரு அடுக்கு என்றால் பெரும்பாலும் 12.5 மி.மீ. கனம்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் நீங்கள் தேடுவது ஒரு புள்ளியை அல்ல, ஒரு வரிசையை. ஒரு ஸ்க்ரூ கிடைத்தால் அதற்கு மேலேயும் கீழேயும் இன்னொன்று இருக்க வேண்டும், 400 அல்லது 600 தள்ளிப் போனால் அடுத்த வரிசை இருக்க வேண்டும். தனியாக, வரிசையில் சேராமல் ஓரிடத்தில் உலோகம் காட்டினால் அதைச் சந்தேகப்படுங்கள். அது குழாய் கிளாம்ப்பாக இருக்கலாம், மெட்டல் பாக்ஸாக இருக்கலாம். கதவு ஜன்னல் ஓரங்களில் மட்டும் இந்தக் கணக்கு உடையும், அங்கே நிலைக்காகக் கூடுதல் சேனல் நிறுத்தியிருப்பார்கள்.

காசு செலவில்லாமல் கண்ணும் கையும்

கருவியை எடுப்பதற்கு முன் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகிற மாதிரி அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து தெரியும். ஸ்க்ரூ தலைக்கு மேல் வைத்த பட்டி லேசாக உள்வாங்கியிருக்கும் இடம் ஒரு சின்ன வட்டமாகத் தெரியும், ஜாயிண்ட் டேப் ஓடும் இடம் மெல்லிய அகலமான மேடாகத் தெரியும். நல்ல கைகாரர் தேய்த்த சுவரில் இது கிடைக்காது, பெரும்பாலான சுவர்களில் கிடைக்கும்.

பல வருஷம் ஆன சீலிங்கிலும் வெளிச்சுவரிலும் இன்னொரு அடையாளம் உண்டு. சேனல் ஓடும் இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், அதனால் அங்கே அழுக்கு கூடுதலாகப் படிந்து, கோடு கோடாக லேசான கருமை இருக்கும். சில நேரம் ஸ்க்ரூ தலைகள்கூடப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

தட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். விரல் மூட்டால் தட்டிக்கொண்டே நகர்ந்தால் வெற்றிடத்தில் 'டொம்' என்றும் சேனல் மேல் 'டக்' என்றும் கேட்கும். உள்ளே கிளாஸ் வூல் மாதிரி இன்சுலேஷன் கம்பளி அடைத்திருந்தால் இரண்டும் ஒன்று போலத்தான் கேட்கும், அதனால் இதைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காந்தம்

என் பையில் எப்போதும் இருப்பது 10 மி.மீ. நியோடிமியம் காந்த வில்லை ஒன்று, ஒரு முழ நூலில் கட்டியது. 1980களில் வந்த இந்த வகைக் காந்தம் அளவில் சிறிது, இழுப்பில் பலம். பெயிண்ட் கீறாமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள்.

நூலின் மேல் முனையைப் பிடித்து, காந்தம் சுவரை லேசாகத் தொட்டும் தொடாமலும் தொங்குகிற மாதிரி வைத்து, மெதுவாக, மிக மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். சேனல் பக்கம் வரும்போது காந்தம் சுவரோடு ஒட்டி ஊசலாட்டம் நின்றுபோகும், நூலில் ஒரு மெல்லிய இழுப்பு தெரியும். அந்தக் கோட்டிலேயே மேலும் கீழும் போனால் ஓரிடத்தில் 'டிக்' என்று போய் ஒட்டும், நூலை விட்டாலும் விழாது. அதுதான் ஸ்க்ரூ தலை. ஏன் இந்த வித்தியாசம் என்றால், ஸ்க்ரூ தலை பட்டிக்கு ஒன்றிரண்டு மி.மீ. கீழே இருக்கிறது, சேனலோ 12.5 மி.மீ. போர்டுக்குப் பின்னால் இருக்கிறது, அதுவும் அரை மில்லிக்குச் சற்றே கூடுதலான தகடு. தூரம் கூடக்கூடக் காந்த இழுப்பு சட்டென்று குறைந்துவிடும். இரண்டு அடுக்கு போர்டு என்றால் சேனலின் இழுப்பு கைக்கே தெரியாது, மேலடுக்கின் ஸ்க்ரூவை மட்டும் நம்ப வேண்டும்.

இந்த 'டிக்' கிடைப்பது எனக்கு மிகப் பெரிய சாட்சி. வயர் போகும் இரும்புக் கண்டியூட் பைப்பும் காந்தத்தை இழுக்கும், ஆனால் அதன்மேல் 200, 300 மி.மீ.க்கு ஒரு தடவை வரிசையாக 'டிக்' வராது. டிடெக்டர் சத்தம் போட்டு, அந்தக் கோட்டில் ஓர் அடி மேலும் கீழும் தேடியும் காந்தத்துக்கு எதுவும் சிக்கவில்லை என்றால் உள்ளே இருப்பது செம்பு, அலுமினியம், அல்லது காந்தத்தில் ஒட்டாத 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எடுத்துக்கொண்டு, அது என்ன என்று தெரியும்வரை கை வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தக் காந்தத்தை நெஞ்சருகில் கொண்டுபோகக் கூடாது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, கூட வேலை செய்பவரிடம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

கையில் காந்தம் இல்லையா, போனில் காந்தப்புலம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். பூமியின் காந்தப்புலமே 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை காட்டும், ஸ்க்ரூ அருகே வந்தால் எண் துள்ளும். போனில் சென்சார் எந்த மூலையில் இருக்கிறது என்பதை முதலில் வெளியே ஒரு ஸ்க்ரூவை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், அந்த மூலையைத்தான் சுவரில் நகர்த்த வேண்டும்.

டிடெக்டர்

1881-ல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் ஓர் உலோகம் காட்டும் கருவியைக் கொண்டுபோனார். குண்டு கிடைக்கவில்லை. அதிபர் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகள் இருந்தது பின்னால்தான் பெல்லுக்குத் தெரியவந்தது. இன்றைக்கும் சைட்டில் நடப்பது இதுதான். பின்னால் ஃபாயில் ஒட்டிய போர்டு, கம்பி வலை மேல் பூசிய சுவர், கையில் இருக்கும் மோதிரம், வாட்ச், பக்கத்தில் சாய்த்து வைத்த இரும்பு ஏணி, எல்லாமே கருவியைக் குழப்பும். சுவர் முழுக்க சத்தம் வருகிறது என்றால் கருவி கெட்டுப்போகவில்லை, பின்னால் ஃபாயிலோ வலையோ இருக்கிறது என்று அர்த்தம்.

கருவியில் சேனல் தேடும் மோடு வேறு, உலோகம் தேடும் மோடு வேறு. சேனல் மோடு சுவரின் அடர்த்தி மாறுவதைப் பார்க்கிறது, ஆரம்பிக்கும் இடத்தையே அது வெற்றிடம் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் தற்செயலாகச் சேனல் மேலேயே வைத்து ஆன் செய்துவிட்டால் அப்புறம் காட்டுவதெல்லாம் தப்பு. அதனால் ஓரிடத்தில் ஆரம்பித்துப் பார்த்து, ஒரு சாண் தள்ளி மறுபடி ஆரம்பித்துப் பாருங்கள். ஈரச் சுவரில் இந்த மோடை நம்பவே வேண்டாம்.

ஓட்டும்போது இடமிருந்து வலம் போய்ச் சத்தம் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு, வலமிருந்து இடம் வந்து தொடங்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுதான் மையம். இரண்டு கோட்டுக்கும் இடையே 35, 50 மி.மீ. என்று வந்தால் சரி, 100-க்கு மேல் போனால் அங்கே சேனலைத் தவிர வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது.

கரண்ட் வயர் தேடும் மோடு உள்ள கருவி என்றால் மெயின் ஆனில் இருக்கும்போதே, அந்த அறையின் சுவிட்சுகளையும் எல்லாம் போட்டுவிட்டுத் தேட வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டால் சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயரில் மின்சாரம் இருக்காது, கருவிக்கு அது தெரியாது. தேடி முடித்த பிறகு, ஓட்டை போடும் முன் மெயினை இறக்குங்கள். கருவி எதையும் காட்டாவிட்டாலும் சுவிட்ச், பாயிண்ட் இவற்றுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நான் ட்ரில் வைப்பதில்லை.

அலுமினிய பேனலும் மரப் பேனலும்

ஏசிபி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட்டில் முன்னும் பின்னும் அலுமினியத் தகடு இருக்கிறது, டிடெக்டர் அதைப் பார்த்தே கத்திக்கொண்டிருக்கும். இங்கே காந்தம்தான் உதவும், அலுமினியம் காந்த இழுப்பைத் தடுக்காது. மெதுவாக நகர்த்துங்கள், வேகமாக இழுத்தால் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகிக் காந்தத்தைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும், அதை இரும்பு என்று நினைத்துவிடுவோம். பின்னால் இருப்பதும் அலுமினிய பிராக்கெட் என்றால் காந்தமும் பயன்படாது. அப்போது பேனல் இடுக்கு வழியாக என்டோஸ்கோப் கேமராவை (மெல்லிய வயர் நுனியில் இருக்கும் குட்டி கேமரா) விட்டுப் பார்ப்பதே வழி. வெயில் ஏறும் காலை நேரத்தில் தெர்மல் கேமராவும் சட்டத்தைக் கோடாகக் காட்டும், ஆனால் பளபளப்பான உலோகப் பரப்பில் உங்கள் உடம்புச் சூடே எதிரொளிக்கும், கொஞ்சம் சாய்ந்து நின்று பாருங்கள்.

மரப் பேனலில் தலையில்லாத ஆணியோ மறை கிளிப்போ இருக்கும். ஆணி மெலிது, காந்தம் மென்மையாகத்தான் இழுக்கும். பேனலைக் கழற்றத்தான் தேடுகிறீர்கள் என்றால் கீழ் விளிம்பை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள், கொக்கிப் பட்டையில் மாட்டியது என்றால் மேலே எழும்பும்.

குறித்து, துளைத்துப் பார்ப்பது

சுவரில் பென்சிலால் கிறுக்க வேண்டாம். இடுப்பு உயரத்தில் ஒரு மாஸ்கிங் டேப், தலை உயரத்தில் இன்னொன்று, இரண்டையும் சுவர் நீளத்துக்கு ஒட்டிக் கிடைத்ததை எல்லாம் அதில் குறியுங்கள். டிடெக்டருக்குக் கோடு, காந்தத்துக்குப் புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். மேல் குறியிலிருந்து தூக்குக்குண்டை விட்டால் நூல் கீழ்க் குறியைத் தொட வேண்டும். தொட்டால் அது சேனலாக இருக்க வாய்ப்பு அதிகம். சரிந்து போனால் குழாயாகவோ வயராகவோ இருக்கலாம்.

முதல் துளை 2 மி.மீ. பிட்டில், ஹாமர் மோடு இல்லாமல், மெதுவான வேகத்தில். ஒரு அடுக்கு போர்டு என்றால் பிட்டின் முனையிலிருந்து 15 மி.மீ.யில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. முதலில் வெள்ளைத் தூள் வரும், பிறகு பிட் ஒரு கெட்டியான இடத்தில் நின்று சுற்றும், அப்புறம் வெள்ளி நிறத்தில் சின்னச் சுருள் வந்தால் சேனலில் இருக்கிறீர்கள். செம்பு நிறம் ஒரு துணுக்கு தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். எதுவும் தடுக்காமல் பிட் சட்டென்று உள்ளே போனால் சேனல் அங்கே இல்லை, இன்னும் ஆழமாகத் துழாவ வேண்டாம்.

பழைய கட்டடத்தில் என்ன ஷீட் என்று தெரியாவிட்டால் இந்தத் துளையையும் போடாதீர்கள், அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள். தீ தடுப்புச் சுவர் என்றால் தவறிப் போட்ட சின்ன ஓட்டையையும் அதற்குரிய சீலண்ட் வைத்து அடைக்க வேண்டும், வெறும் பட்டி போதாது.

எல்லாம் சரியாக வந்த பிறகு, டேப்பைப் பிய்ப்பதற்கு முன், சுவர் மூலையிலிருந்து அளவு டேப்பை நீட்டிப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சைட்டில் போர்டு மூடும் வேலையே உங்களுடையது என்றால் மூடுவதற்கு முன்பே, குழாயும் வயரும் சேனலும் தெரிய, அளவு டேப்போடு எடுங்கள், ஒவ்வொரு சுவருக்கும் ஒன்று.