மீட்ட மெயில்களுக்குப் பழைய தேதியை வரவழைத்தது எப்படி: என் அனுபவம்

பேக்கப்பிலிருந்து மீட்ட மெயில்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் ஃபோனில் பத்து வருடத்து மெயில்களும் மீட்ட நாளின் தேதியோடு வரிசை கலைந்து கிடந்தன. திறந்தால், உள்ளே தலைப்புப் பகுதியில் பழைய தேதி பத்திரமாக இருந்தது. விஷயம் இதுதான்: ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) சர்வர், மெயில் வந்து சேர்ந்த நேரத்தைத் தனியாக வைத்திருக்கும்; ஃபோன் காட்டியது அதைத்தான். ஒவ்வொரு மெயிலையும் தனி ஃபைலாக வைக்கும் மெயில்டிர் முறையில், என் சர்வரில் ஓடும் டவ்காட் என்ற மெயில் மென்பொருள் அதை ஃபைலின் மாற்ற நேரத்திலிருந்து எடுக்கிறது. நகலெடுத்தபோது அந்த நேரம் புதிதாகிவிட்டது.

நல்லவேளை, மெயில்டிரில் ஃபைல் பெயரே 1404369017 என்பதுபோல ஓர் எண்ணில்தான் தொடங்கும். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள். இந்த எண் 2014 ஜூலை 3. பெயரில் முதல் புள்ளிவரை உள்ள எண்ணை எடுத்து, 'டச்' கட்டளையால் அந்த நேரத்தை ஒவ்வொரு ஃபைலுக்கும் போட ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதினேன். அப்புறமும் ஃபோன் அதே புதுத் தேதியைத்தான் காட்டியது! டவ்காட் தேதியை இண்டெக்ஸ் கேஷிலும் (வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் பதிவு) வைத்திருக்கும். சர்வரை நிறுத்தி, கேஷ் ஃபைலை மட்டும் நீக்கினேன் (மெயில்களின் அடையாள எண்கள் இருக்கும் யுஐடி பட்டியலில் கை வைக்காதீர்கள், எல்லா மெயிலும் மறுபடி இறங்கும்). ஃபோனில் கணக்கை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்ததும் வரிசை சரியானது.

இப்போது நகலெடுக்க 'ஆர்சிங்க்'தான், நேரத்தைக் காக்கும் 'டி' (-t) விருப்பத்தோடு. சர்வர் விட்டு சர்வர் மெயிலை மாற்றுவதென்றால் 'ஐமேப்சிங்க்'. அது தேதியைத் தானாகவே கொண்டுபோகும்.