மடிநோய்ப் பாலும் கன்றின் குடலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துத் தொழுவங்களில் நடக்கும் பெரிய தவறு, சிக்கனம் என்ற பெயரில் நடக்கிறது. மடிநோய் கண்ட பசுவுக்குக் காம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற்றிய பிறகு, சில நாட்களுக்கு அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றக் கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருப்பார். கீழே கொட்ட மனம் வராமல், திரிதிரியாக இருக்கும் அந்தப் பாலை வாளியோடு கன்றுக்கு வைத்துவிடுகிறோம். அதில் தங்கியிருக்கும் மருந்து நோயைத் தீர்க்கப் போதாது. ஆனால் கன்றின் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களில் எளிதில் சாகக்கூடியவற்றை அழித்து, மருந்துக்கு அசையாதவை பெருக இடம் விடுவதற்கு அதுவே போதும். காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறுதான். கொதியில் கிருமிகள் சாகும். மருந்துகளில் பல அப்படியே தங்கிவிடும்.

மருந்துக்கு அசையாத இந்த எதிர்ப்புத்திறன் ஒரு பாக்டீரியாவோடு நிற்பதில்லை என்பதுதான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் வழியாக அது வேறு இனப் பாக்டீரியாவுக்கும் தாவும். சாணத்தோடு எருக்குழிக்கும் வயலுக்கும் சேர்ந்து, ஐப்பசி மழையில் ஊருணி வரைக்கும் போகும். தொழுவம் கூட்டுபவரின் கையிலும் ஒட்டும்.

கன்று கழிந்தவுடன் மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்குவது அடுத்த தவறு. இளங்கன்றுகளின் கழிச்சலுக்கு ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி போன்றவை அடிக்கடி காரணமாகின்றன. இவற்றிடம் வழக்கமான ஆன்டிபயாடிக் பலிக்காது. கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரும் உப்பும் வற்றுவதே என்பதால், பாலை நிறுத்தாமல், இடையிடையே உப்பு சர்க்கரைக் கரைசலைப் புகட்ட வேண்டும். காய்ச்சலோ, சாணத்தில் இரத்தமோ, எழ முடியாத தளர்ச்சியோ தெரிந்தால், எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும். அவர் சொன்ன நாளுக்கு முன்பே நிறுத்துவதும், மீந்ததை அடுத்த கன்றுக்கு எடுத்துவைப்பதும் கூடாது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கோலிஸ்டின் மருந்தை, உணவுக்கான கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2019இல் இந்திய அரசு தடை விதித்தது. பழைய பொட்டலம் கிடந்தாலும் தொடாதீர்கள்.

சீம்பாலில் செய்யும் தவறு இவற்றுக்கெல்லாம் முந்தியது. பசுவின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு நோய் எதிர்ப்புப் புரதம் சேர்வதில்லை. சீம்பாலில்தான் அது கிடைக்கிறது, நேரம் போகப்போகக் குடல் அதை உறிஞ்சுவதும் குறைகிறது. 20 கிலோ கன்றுக்கு முதல் 2 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 2 லிட்டர் போக வேண்டும். திரட்டுப்பாலுக்கு அடுப்பேற்றுவது அதற்குப் பின்பு மீந்தால் மட்டுமே.