கெண்டைக் குளத்துக்குத் தவிடும் புண்ணாக்கும்

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் எடைக்கு எடை போதும். குளத்தில் 200 கிராம் மீன் 500 இருந்தால் மொத்தம் 100 கிலோ. ஒரு நாளுக்கு அதில் 3 சதவீதம், அதாவது தவிடு ஒன்றரை கிலோ, புண்ணாக்கு ஒன்றரை கிலோ. புண்ணாக்கை முதல்நாள் இரவே ஊறவைத்து, காலையில் தவிட்டைப் போட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

அள்ளி வீசினால் பாதி சேற்றுக்குத்தான் போகும். பழைய உரச்சாக்கை நன்றாகக் கழுவி, அடிப்பகுதியில் விரல் நுழையுமளவு துளைகள் போட்டு, மூங்கில் கழியில் கட்டி நீரில் தொங்கவிடுங்கள். மீன்கள் முட்டி முட்டித் தின்னும். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். மிச்சமிருந்தால் மறுநாள் குறையுங்கள்.

புல்கெண்டை இருந்தால் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியைத் தனியாகப் போடவேண்டும்.

கையை முழங்கைவரை நீரில் விடுங்கள். அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி மிகுதி. அந்தப் பாசி இரவில் உயிர்வளியை உறிஞ்சுவதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அன்று தீவனத்தை நிறுத்தி, புதுநீர் பாய்ச்சுங்கள்.