டீ இல்லாத பேக்கரியும் சில தவறுகளும்

பொள்ளாச்சிப் பக்கம் பேக்கரி நடத்தும் அக்கா ஒருவர் முன்பு சினிமாவில் நடித்தவர். கடை திறந்த முதல் வாரம் செல்ஃபி எடுக்கவே கூட்டம் நெருக்கியடித்தது. மூன்றாவது வாரம் ஈ ஓட்டினார். அந்தக் கடைக்குக் கணக்கு எழுதுபவன் நான். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, டீ போடாதது. கொங்கு நாட்டில் பேக்கரி என்றால் வாசலில் பாய்லர் கொதிக்க வேண்டும். ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் தேங்காய் பன்னோ முட்டை பஃப்ஸோ, பேச்சுக்கு இரண்டு பேர், அதுதான் இங்கே பேக்கரி. அக்கா ஏசி போட்டு, கண்ணாடிப் பெட்டியில் கேக்கை மட்டும் அடுக்கி வைத்தார். காலை ஆறரைக்கு ஒரு பெரியவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மிணி, டீ இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தார். பிறந்தநாள் கேக் ஒரு வீட்டுக்கு வருடத்தில் மூன்று, நான்கு வாங்குவார்கள். டீ தினமும் இரண்டு வேளை. கடை வாடகை எதில் வரும், சொல்லுங்கள்?

அப்புறம், அளவெல்லாம் மாஸ்டர் கையில் இருந்தது. அவர் நோம்பிக்கு ஊருக்குப் போனால் நான்கு நாள் பன் கிடையாது. மைதா, ஈஸ்ட், தண்ணீர் எல்லாவற்றையும் கிராம் கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பிசைய வேண்டும், ஈஸ்டையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். மார்கழியில் இதற்கு நேர்மாறு.

சூடு ஆறாத ரொட்டியைக் கவரில் போட்டால் உள்ளே வேர்த்து, பூஞ்சை பிடிக்கும். சரி, மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்றார் அக்கா. பூஞ்சை தள்ளிப்போகும், உண்மைதான்; ஆனால் அந்தக் குளிரில் மாவுச்சத்து வேகமாக இறுகி, ரொட்டி வறட்டி மாதிரி ஆகிவிடும். மறுநாள் ரஸ்க் போடுவதுதான் வழி.

பில்லையும் பாருங்கள். கேக்குக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். இவர் மெஷினில் பழைய 18 அப்படியே கிடந்தது. ரொட்டிக்கு வரியே இல்லை. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.

இப்போது விடிகாலையிலேயே பாய்லர் பற்றவைக்கிறார்கள். அந்தப் பெரியவர் தினமும் வருகிறார். அக்கா நடிகை என்பது அவருக்கு இன்னும் தெரியாது.